மார்பை மூடிக்கொண்ட மண்பாவை

1996 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லிடைக்குறிச்சி கணக்கு வாத்தியார் ஹரிஹரசுப்பிரமணியன் வீட்டிலிருந்த பழங்கால மண்பாவை, ஏந்தியிருந்த அகலைக் கைவிட்டு, இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டது. அகல் விழுந்து உடைந்தது. சுடர் மட்டும் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் எரிந்தது. அந்த வாரம் உளுந்து விலை ஏறியிருந்ததால், அப்பளம் போடுகிற தெருவில் இந்தச் செய்தி இரண்டாவதாகத்தான் பேசப்பட்டது.

பாவையை ஆற்று மணலிலிருந்து எடுத்து வந்தவள் வாத்தியாரின் மகள் ப்ரீதா. பாவை சாண் உயரம். காதில் பெரிய தோடு, இடுப்பில் மணிமணியாய் மேகலை, நகத்தால் கீறிய கொண்டை. மேலுக்குத் துணி கிடையாது. செய்த கைக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ப்ரீதா தினமும் எண்ணெய் விட்டு, "எங்காத்துல நீதான்டி அழகு" என்று கொஞ்சுவாள். வாத்தியாருக்குத்தான் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது.

ப்ரீதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவருக்கு உதறல் எடுத்தது. மனைவி கோமு பாவைமேல் ரவிக்கைத்துண்டைச் சுற்றிப் பார்த்தாள், நழுவிக்கொண்டே இருந்தது. "பேசாம உள்ள எடுத்து வைங்கோ," என்றாள். வெள்ளிக்கிழமை விளக்கை ஒளிப்பது தோஷம், உருவத்தைத் திருத்துவது தோஷமில்லை என்று முடிவெடுத்தார் மனிதர். படித்த மூளை அல்லவா! ப்ரீதா குளிக்கப் போன நேரம் பார்த்து, உப்புத்தாளால் பாவையின் மார்பைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார்.

மாலையில் பிள்ளை வீட்டார் சொஜ்ஜி சாப்பிடும்போதுதான் பாவை அகலை விட்டுவிட்டு மார்பை மூடிக்கொண்டது. மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். ப்ரீதா தரையில் கிடந்த செம்மண் பொடியைப் பார்த்தாள். அப்பாவின் விரல்நுனியைப் பார்த்தாள்.

"அவ உங்களை என்னப்பா பண்ணினா?"

பையனை வேண்டாமென்று சொன்னாள். அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

வாத்தியார் வெட்கத்தில் குன்றிப்போனார். வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார். வீட்டிலோ எண்ணெய் இல்லாத சுடர் மெலிந்துகொண்டே வந்தது. எந்த அகலை வைத்தாலும் கவிழ்ந்தது. ஒரு சாயங்காலம் அவர் பாவையின் முன் உட்கார்ந்து, சுடருக்கடியில் உள்ளங்கைகளைக் குவித்தார். கோமு அழுதுகொண்டே எண்ணெய் ஊற்றினாள். திரி இல்லாமலே சுடர் நிமிர்ந்தது, கை சுடவில்லை. சுட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் அவருக்கு.

அதன்பின் தினமும் அப்படித்தான். டியூஷன் கேட்டு வருகிறவர்களைப் பால்காரர் வாசலிலேயே திருப்பிவிடுவார்: "சார் கையில வெளக்கு எரியுது அண்ணாச்சி, காலைல வாங்க."

1999 கார்த்திகையில் கோமு காய்ச்சலில் படுத்தாள். ப்ரீதா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அப்பாவின் கையில் ஊற்றினாள். எண்ணெய் அவர் விரலிடுக்கில் வழிந்தது.

"ஆடாம பிடிங்கோப்பா, சிந்தறது."

ஏறக்குறைய நாலு வருஷத்துக்கப்புறம் அவள் அவரிடம் பேசியது அதுதான். பாவை மார்பிலிருந்து கையை எடுக்கவில்லை.