பானை கழுவி முடிப்பதற்குள்

ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு வேலை பார்த்த அந்த மூவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாதை, எந்த வேலை என்பதையெல்லாம் சாப்பிடும்போதுதான் பேசி முடிவெடுப்பார்கள். மறுப்பு இருந்தால் பானையைக் கழுவி முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். கவிழ்த்து வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது.

வாயைத் திறக்கக் கூலி கேட்பவள் என்று பெயரெடுத்த வில்லுக்காரிக்கு இது வசதியாகவே இருந்தது, நேற்று வரைக்கும்.

நேற்றைய பேச்சு அவளைப் பற்றியது. கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்த சிறகுநாகத்தை அவள் ஒரே அம்பில் வீழ்த்தியதைப் பார்த்த காவல்தலைவர், அவளை நிரந்தரமாக அங்கேயே இருக்கச் சொன்னார். தனி அறை, கட்டில், ஒழுகாத கூரை.

“நல்ல இடம்தானே, இருந்துக்கட்டும்,” என்றான் வாள்வீரன். அவன் தொண்டைக்கு ஏற்றபடி எல்லோரும் அவனை இடி என்றே கூப்பிட்டார்கள்.

“அவ இஷ்டம்,” என்று வைத்தியக்காரி பானையோடு எழுந்தாள்.

போகாதே என்று யாராவது ஒருவர் சொல்லமாட்டார்களா என்று வில்லுக்காரி காத்திருந்தாள். அவள் குறி பார்க்கும்போது அவசரப்படாதவள். பேசுவதற்கும் அவளுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. வைத்தியக்காரி அடிப்பிடித்த பானையைத் தேய்ப்பதுபோல வெகுநேரம் தேய்த்தாள். அப்படியும் வில்லுக்காரிக்குச் சொல் வரவில்லை.

இப்போது விடிந்துவிட்டது. சத்திரத்து மாடியறையில் வைத்தியக்காரி களிம்புச் சிமிழ்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய பங்கு வில்லுக்காரிக்குத்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது. இடி தரையில் உட்கார்ந்து அவளுடைய வில்லின் மாற்று நாண்களுக்கெல்லாம் மெழுகு தேய்த்தான். கட்டிலில் காவல்தலைவர் அனுப்பிய நீலக் காவல் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது.

மெழுகை மூன்றாம் தடவையாக ஒரே நாணில் தேய்க்கிறான் என்பதை வில்லுக்காரி கவனித்தாள். ஒருத்தியைத் தொலைத்துத் தலைமுழுக நினைப்பவன் இப்படித் தேய்ப்பானா? மனசுக்குள் ஏதோ இறுக்கம் தளர்ந்தது.

“நான்…” என்றாள்.

இரண்டு பேரும் அசையவில்லை. அசைந்தால் அவள் பயந்து நிறுத்திவிடுவாள் என்பதுபோல.

“நான் இங்க இருக்கப்போறதில்ல. உங்களோடயே வரேன்.”

“அடிப்பாவி!” இடியின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது. “இதை நேத்தே சொன்னா என்ன? நீ கட்டிலுக்கு ஆசைப்பட்டுட்டன்னு நெனச்சேன்.”

“நீங்கதான் அண்ணா, இருந்துக்கட்டும்னு சொன்னீங்க.”

“பின்ன? கூடவே வந்து முள்ளுல படுன்னா சொல்லுவாங்க?”

வைத்தியக்காரி சிமிழ்களை ஒரே பையில் அள்ளிப் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டாள். “பானையத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை காந்துது. கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தா நான் என்னத்தக் கண்டேன்?”

“மன்னிச்சிருங்க அக்கா.”

“மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். அந்தச் சட்டையத் திருப்பிக் குடுக்கணுமே, யாரு போறது?”

வில்லுக்காரி ஆசையோடு இடியைப் பார்த்தாள்.

“என்னைப் பாக்காத. உன் வேலை, உன் வாய்.”

சட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். சிறகுநாகத்தின் முன்னால்கூட அவள் இப்படிப் பயந்ததில்லை. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை. ‘ஐயா, எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி முற்றத்தைக் கடந்தாள்.

மேலே ஜன்னல் திறந்தது.

“காதுல விழற மாதிரி சொல்லு!” என்று இடி முழங்கினான்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல், கோட்டை வாசலை நோக்கி நடந்தாள்.