கடைசி நிறுத்தத்துக்கு ஒரு டிக்கெட்

பத்து மணிக்கே பையோடு வந்து நின்றவள், பன்னிரண்டாகியும் அதே இடத்தில் நின்றாள். உப்புக்காற்று தின்று தகரக் கூரை சல்லடையாகிவிட்ட அந்த நிறுத்தத்தோடு ஊர் முடிந்துவிடுகிறது, அப்புறம் கடல்தான். ஊருக்கு ஒரே பஸ். அந்த மகராசியும் யாராவது கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தால்தான் வருவாள். இல்லாவிட்டால் பதினெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே, கூட்டுரோட்டில் திரும்பிவிடுவாள். அதனால் வெளியூர் போகிறவர்கள் முதல் நாளே கூட்டுரோட்டில் ஒரு ஆளிடம் சொல்லிவைப்பார்கள், டிக்கெட் எடுத்து ஏறி வரச்சொல்லி. அவளுக்கு அந்த ஆள் சொந்த அண்ணன். கடையே அங்கேதான்.

"நானே ஏறி வரேன். இனி அப்பாவை நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா போய் வேலையில சேரு" என்று நேற்று போனில் சொல்லியிருந்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு லேப் வேலை கிடைத்திருந்தது. மாலை ஐந்துக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஏழு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் துடைத்து, புரட்டி, ஊட்டியதில் வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. இதை விட்டால் வேறு வேலை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணனோ போனை எடுக்கவில்லை.

கூட்டுரோட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு திரும்பிய மீன் வேன்காரர் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"பஸ் அப்பவே திரும்பிடுச்சேம்மா. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுக்க யாராச்சும் இருக்காங்களான்னு கண்டக்டர் கேட்டாரு. உங்கண்ணன் கடை வாசல்லதான் நின்னாரு. யாரும் இல்லைன்னுட்டாரு. நீ போகலை போலன்னு நெனச்சேன்."

இனிக் கூட்டுரோட்டுக்குப் போனாலும் நகரத்துக்கு அடுத்த பஸ் மாலையில்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. கூடப் பிறந்தவன் என்று நம்பியதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆறு மணிக்கு அண்ணன் வந்தான். பைக்கில் வந்தான்.

"கடையில கூட்டம். போனைப் பாக்கலை. விடு, இது போனா இன்னொண்ணு."

"யாரும் இல்லைன்னு சொன்னியாமே அண்ணா?"

அவன் கட்டிலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "அப்பாவுக்கு மூணு மாசத்து மாத்திரை சேர்த்தே வாங்கிட்டேன்" என்று கவரை அவள் கையில் திணித்தான்.

அப்பாவுக்கு நாக்குதான் புரளாது. காது படு கூர்மை. அவள் ஒரு மாத்திரையைப் பிரித்துத் தண்ணீரோடு கட்டிலருகே போனாள்.

"வாயத் திறங்கப்பா."

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் டம்ளரைச் சாய்த்தாள். மூடிய உதட்டில் பட்ட தண்ணீர் தாடை வழியாக ஓடித் தலையணையை நனைத்தது.