ஒரு முடிச்சில் இருவர்

"அப்பா, உங்க பேரையே வெச்சிருக்கிற இன்னொருத்தர் தப்பு பண்ணினா, சாமி தெரியாம உங்களத் தண்டிச்சிடுமா?" என்று முன்னொரு நாளில் ஒரு சிறுமி தன் தந்தையைக் கேட்டாள். ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து குறிப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்த அத்தந்தை, சேறு படிந்த கால்களைக் கழுவிக்கொண்டே சிரித்து, "சாமி பேரெல்லாம் படிக்காதும்மா. கையத்தான் பார்க்கும்" என்று மறுமொழி கூறினார். சிறுமி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். திருட்டுத்தனமாகத் தின்ற பழத்தின் சாறு விரல்களில் ஒட்டியிருக்கக் கண்டு, ஓடிப்போய்க் கழுவிக்கொண்டாள்.

அன்புடைய படிப்போரே, அக்கேள்வி கேட்கப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்தபின், மழைக்கு முந்திய காற்று தெருக்களிலெல்லாம் சருகுகளை உருட்டி விளையாடிய ஒரு முற்பகலில், நகரின் நடுவே நின்ற பழைய நூலகத்தின் மேல்மாடியை நோக்கி நம் கண்களைத் திருப்புவோமாக. கீழே வண்டிகள் ஒன்றையொன்று முந்த முயன்று ஓலமிட்டன. கடைக்காரர்கள் விரிப்புகளைச் சுருட்டினார்கள். முகில்கள், எங்கே இறங்குவதென்று தீர்மானிக்க இயலாத வழிப்போக்கரைப்போல், கூரைகளின்மேல் வருவதும் விலகுவதுமாய்த் தவித்தன. மேல்மாடியிலோ, அறிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி அகராதியாக்கும் அலுவலகத்தில், சாளரம் அடிக்கும்தோறும் ஆயிரக்கணக்கான சிறு அட்டைகள் இழுப்பறைகளுக்குள் சலசலத்தன, மாண்ட பெரியோரெல்லாம் தம்முள் எதையோ முணுமுணுப்பதுபோல.

அவ்வலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அறிஞரைப்பற்றிக் கிடைக்கும் சான்று ஒவ்வொன்றும் ஓர் அட்டையில் எழுதப்படும். ஒரே பெயரும் ஒரே துறையும் உடைய அட்டைகள் ஒன்றுசேர்க்கப்பட்டு நூலால் கட்டப்படும். கட்டிய கட்டு ஓர் ஆள். அதன்பின் அதை அவிழ்க்கும் உரிமை தலைமைப் பதிப்பாசிரியர் ஒருவருக்கே உண்டு. பல்லாயிரம் பெயர்களிடையே தடுமாறாமல் நடப்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கந்தான் அது. ஆயினும், இருவரை ஒருவராக்கிவிட ஒரு முடிச்சே போதும் என்பதை அதனை ஏற்படுத்தியவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று அங்கே வந்தவள் ஒரு செவிலி. முன்னாளில் அக்கேள்வியைக் கேட்ட சிறுமி அவளே. இரவுப் பணி முடித்த களைப்பு கண்களிலும், வந்த செயலை முடிக்காமல் திரும்பமாட்டேன் என்னும் உறுதி தாடையிலும் தெரிய, அவள் தொகுப்பாளரின் மேசைமுன் நின்றாள். தொகுப்பாளர் என்பவள் நாற்பதைக் கடந்தவள். ஓரிடத்தில் அமர்ந்திருக்க அறியாதவள். எழுதும்போதும் ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பவள். ஐயம் தோன்றிய கட்டுகளையெல்லாம் அவள் பதிப்பாசிரியரிடம் கொண்டுபோய் நீட்டுவதால், அவர் அவளை 'முடிச்சவிழ்க்கி' என்று அழைத்துச் சீண்டுவது வழக்கம்.

"பழைய பதிப்புல எங்க அப்பாவப் பத்தி எழுதியிருக்கிறது பொய்ங்க" என்றாள் செவிலி.

தொகுப்பாளர் அகராதியை எடுத்துப் புரட்டினாள். ஆற்றளவை அறிஞர் என்னும் தலைப்பின்கீழ், 'முன்னரே வெளியிட்ட அளவுகளைப் புதியனபோல் மீண்டும் வெளியிட்டமையால் ஆற்றளவைக் கழகத்தினின்று நீக்கப்பட்டார். பின்னாளில் வெள்ள முன்னறிவிப்பு அட்டவணையை இயற்றி ஊர்கள் பலவற்றைக் காத்தமையால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்' என்று அச்சாகியிருந்தது.

"ஆறிப்போன சாப்பாட்டைச் சூடு பண்ணி, புதுசுன்னு பரிமாறுற ஆள் இல்லைங்க எங்க அப்பா. அந்த ரெண்டாவது கட்டுரைய அவர் எழுதவே இல்ல. சாகுறவரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."

"சான்று ஏதாவது இருக்காம்மா?"

"நான் இருக்கேனே. என்னைப் பார்த்தா சான்று மாதிரித் தெரியலையா?"

அடுத்த அறையிலிருந்து பதிப்பாசிரியர் தலையை நீட்டினார். நரைத்த புருவமும் நல்ல உள்ளமும் கடுஞ்சொல்லும் உடையவர். "பெத்த பொண்ணு சாட்சி சொன்னா எப்படிம்மா எடுபடும்? எல்லாப் பொண்ணுக்கும் அவங்க அப்பா உத்தமர்தான்."

"அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா. எங்க அப்பாவுக்குப் பாடத் தெரியாது, ஆனா பாடுவார். அத நான் ஊருக்கே சொல்லியிருக்கேன்."

பதிப்பாசிரியர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார். ஆனால் செவிலி சிரிக்கவில்லை. வந்ததன் உட்பொருளை அப்போதுதான் சொன்னாள். "எங்க அண்ணனுக்குப் பையன் பொறந்திருக்கான். அப்பா பேர வைங்கன்னா, 'ஏமாத்துக்காரன்னு பட்டம் வாங்கின பேரு என் புள்ளைக்கு வேணாம்'னு நிக்கிறான். வேற பேரும் வைக்க மனசு வரல அவனுக்கு. பொறந்து ஒரு மாசம் ஆகப்போகுது, இன்னும் 'குட்டி'ன்னேதான் கூப்பிடுறோம்."

"வெள்ளிக்கிழமை அச்சகத்துக்காரங்க வந்துடுவாங்க" என்றார் பதிப்பாசிரியர். "அதுக்குள்ள ஏடுகளே பேசினா கேட்டுக்கறேன். நீங்க பேசினா போதாதும்மா."

அன்று தொடங்கிய தவிப்பு தொகுப்பாளரை விடவில்லை. உண்ணும்போது ஆறும், உறங்கும்போது அட்டையும் அவள் கண்முன் நின்றன. நூலகத்தின் அடித்தளத்தில், ஈர நெடி வீசும் அடுக்குகளிடையே, ஆற்றளவைபற்றிய இதழ்களையெல்லாம் இறக்கித் தரையிலே பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் கலைப்பதுமாய், கூடு கட்ட இடந்தேடும் பறவைபோல் சுழன்றாள். ஒரே பெயர், ஒரே ஆறு, ஒரே தொழில். ஒருவர் என்று கொண்டால் எல்லாம் ஒழுங்காய்ப் பொருந்தின. அந்தப் பொருத்தமே அவளை உறுத்தியது.

முதற் சான்று ஒரு வெள்ள ஆண்டின் இதழ்களில் கிடைத்தது. பெருமழை கொட்டிய ஒரே விடியலில், அப்பெயருடையார் ஆற்றின் மேற்பகுதியிலும் நின்று அளந்திருக்கிறார். பல நாள் வழித்தொலைவில், கழிமுகத்தை அடுத்த கீழ்ப்பகுதியிலும் நின்று அளந்திருக்கிறார். இரண்டும் அன்றே பதிவானவை. ஆகவே ஆள் இருவர். தொகுப்பாளர் அவர்களுக்கு மேலாற்றார், கீழாற்றார் என்று தனக்குள் பெயரிட்டுக்கொண்டாள். கழகத்தின் உறுப்பினர் வரிசையில் இருந்தவர் மேற்பகுதியினர்; ஆகவே செவிலியின் தந்தை மேலாற்றார்.

ஆனால் இடங்குறிக்காத கட்டுரைகளில் எது எவருடையது? அங்கேதான் அவள் கண் கைகளைத் தேடத் தொடங்கியது. மேலாற்றார் எப்போதும் ஆற்றின் அடித்தரையிலிருந்து மேல்நோக்கி அளந்தார்: நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது அவர் கேள்வி. கீழாற்றாரோ கரையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளந்தார்: கரை உடைய இன்னும் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பது அவர் கேள்வி. ஒருவர் வந்ததை எண்ணினார். மற்றவர் வரவிருப்பதை அஞ்சினார். வாழ்நாள் முழுதும் இருவரும் தத்தம் முறையினின்று வழுவவில்லை, ஓரிடத்தைத் தவிர.

அந்த ஓரிடமே பழிக்கு உள்ளான கட்டுரை. அதன் அளவுகள் யாவும் அடியிலிருந்து மேல்நோக்கிச் சென்றன. மேலாற்றார் முன்னரே வெளியிட்டவை அவை. ஆனால் முன்னுரையோ, கரையின் விளிம்பிலிருந்து எஞ்சிய இடத்தை அளப்பதே சிறந்தது என்று வற்புறுத்தியது. இடக்கையன் ஒருவன் வலக்கையின் உறையை மாட்டிக்கொண்டு வந்ததைப்போல், சொல் ஒருவருடையதாகவும் அளவு மற்றவருடையதாகவும் அக்கட்டுரை நின்றது. இளமையின் விரைவிலே, பெயர்பெறும் ஆசையிலே, கீழாற்றார் அந்த அளவுகளைக் கவர்ந்திருக்கிறார். கழகத்தாரோ தம் உறுப்பினர் வரிசையைப் பார்த்தனர், அப்பெயருடையார் ஒருவரே அதில் இருந்தார், அவரை நீக்கினர். பறிகொடுத்தவரே பழியையும் சுமந்தார். பறித்தவர் வாய் திறக்கவில்லை.

தொகுப்பாளர் மகிழ்ந்தெழுந்தாள், எழுந்தவள் அப்படியே நின்றாள். வெள்ள முன்னறிவிப்பு அட்டவணை கண்ணில் பட்டது. எந்த அட்டவணை மேலாற்றாரைக் கழகத்தில் மீண்டும் அமர்த்தியதோ, அது முதல் வரியிலிருந்து இறுதி வரிவரை கரையின் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்பட்டிருந்தது. அதுவும் கீழாற்றாருடையதே. முடிச்சை அவிழ்த்தால் தந்தையின் பழி நீங்கும். அதனோடு அவருடைய பெரும்புகழும் நீங்கும். பாதி அவிழ்த்துப் பாதியை விட்டுவிடலாமே என்று ஓர் எண்ணம், கதவிடுக்கில் நுழையும் பூனையைப்போல், ஓசையின்றி அவள் உள்ளத்தில் நுழைந்தது. யார் கேட்கப்போகிறார்கள்? கீழாற்றாரைத் தேடி ஒருவரும் இதுவரை வந்ததில்லை. படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக அன்றைய மாலை முழுதும் அவள் அலைந்தாள்.

மறுநாட்காலை அவள் மருத்துவமனைக்கே சென்றாள். மருந்து நெடி கமழும் நடைவழியில், பணிமாற்ற மணிக்குக் காத்திருந்த செவிலியிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் கூறினாள்.

செவிலி கையிலிருந்த மருந்துத் தட்டை ஓரமாக வைத்தாள். பிறகு, "அப்பவே சொன்னாருங்க" என்றாள். "அட்டவணை வந்தப்போ வீடு நிறைய ஆளுங்க வாழ்த்த வந்தாங்க. 'நான் எழுதலைங்க'ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னார். கழகத்துக்கே நேர்ல போய்ச் சொன்னார். எல்லாரும் அடக்கம்னு நெனச்சுச் சிரிச்சாங்க. எங்க அம்மாகூட, 'சும்மா இருங்களேன், இவ்வளவு நாள் கெட்டது மட்டும் தேடி வந்துச்சு, இப்பதான் நல்லது வருது'ன்னு அதட்டினாங்க. நாங்களும் அவர நம்பல. பாருங்க, தப்பு பண்ணலன்னு சொன்னப்பவும் நம்பல, நல்லது பண்ணலன்னு சொன்னப்பவும் நம்பல."

"அட்டவணைய அந்த இன்னொருத்தருக்கே குடுத்துட்டா, உங்க அப்பாவுக்கு அந்த ஆத்து அளவுங்க மட்டும்தான் மிஞ்சும்."

"மிஞ்சட்டும். எங்க அண்ணன் கேட்டது புகழ் இல்ல, சுத்தமான பேரு. அது போதும்." மணி அடித்தது. இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "அந்த இன்னொருத்தருக்குச் சொந்தம்னு யாரும் இல்லையா?"

"இதுவரைக்கும் யாரும் வரல."

"அப்போ அவரப் பத்தி எழுதும்போது கொஞ்சம் பார்த்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, நோயாளி ஒருவரின் போர்வையைச் சரிசெய்யப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, தொகுப்பாளர் பரப்பிவைத்த இதழ்களைப் பதிப்பாசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்; மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாக அவர் விரல் ஆற்றளவுகளில் ஏறி இறங்கியது. அச்சகத்தார் வாயிலில் வந்து நின்று செருமியபோதும் அவர் நிமிரவில்லை. இறுதியில், "அம்மா முடிச்சவிழ்க்கி, அந்தக் கத்தரிய எடு" என்றார். "இது நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்ட முடிச்சு. அவிழ்க்க வராது. வெட்டத்தான் வேணும்." நூல் அறுந்தது. அட்டைகள் இரண்டு குவியலாயின. "அரை மணி நேரம் உட்காருங்க, ஒரு பக்கம் மாறுது" என்று அவர் அச்சகத்தாரிடம் கூறிய குரலில், நெடுநாள் சுமந்த எதையோ இறக்கிவைத்தவரின் இளைப்பாறல் இருந்தது.

மேலாற்றாரின் குறிப்பைத் தொகுப்பாளர் விரைவில் எழுதி முடித்தாள். அது சிறியது, மாசற்றது. கீழாற்றாரின் குறிப்பில்தான் எழுதுகோல் தயங்கியது. கவர்ந்ததை எழுதாமல் விடுவது பொய். அதை மட்டும் எழுதுவது கொடுமை. பார்த்து எழுதுவதற்காக அவருடைய கட்டுரைகளை மறுபடியும் வரிசைப்படுத்தினாள். அப்போதுதான் அது புலப்பட்டது. கீழாற்று அளவுநிலையத்தில் பணியேற்ற பின் அவர் எழுதிய ஒவ்வொரு கட்டுரையிலும், பெயரின்கீழ் அந்நிலையத்தின் பெயர் தவறாமல் நின்றது. அட்டவணையில் மட்டும் அவ்விடம் வெறுமையாய் இருந்தது. அவர் எழுதியவற்றுள் தலைசிறந்தது அது. அதுவரை தம் கட்டுரைகளையெல்லாம் வேறு இதழ்களுக்கு விடுத்தவர், அதை மட்டும் மேலாற்றாரை நீக்கிய அந்தக் கழகத்திற்கே விடுத்திருந்தார். அப்பெயருடைய ஒருவரை மட்டுமே அறிந்த கழகம் அது.

ஆடிக்கொண்டிருந்த அவள் கால் நின்றது. காற்றும் ஓய்ந்து, மழை கூரைமேல் சீராக இறங்கத் தொடங்கியது.

குறிப்பின் முதல் வரிகளில் அட்டவணையையும் அதனால் பிழைத்த ஊர்களையும் எழுதினாள். அதன்பின் ஒரே வரியில் இளமைக் குற்றத்தை எழுதினாள். இறுதியில், 'அட்டவணையில் ஆசிரியர் தம் இடத்தைக் குறிக்கவில்லை' என்று மட்டும் சேர்த்தாள். அதற்குமேல் எழுத ஏடுகளில் சான்று இல்லை. குட்டிக்கு அவ்வாரமே தாத்தாவின் பெயர் வைக்கப்பட்டது. அப்பெயருக்கு மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தான்.

ஏடுகள் அறியாததைக் கதை சொல்வோர் அறிவர். கழிமுகத்தின் அருகே, கலங்கிய நீர் கரையை நக்கிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், நரை தொடங்கிய ஒருவர் தம் வாழ்வின் முழு உழைப்பையும் படியெடுத்து முடித்து, கீழே தம் பெயரை எழுதினார். எழுந்து நின்று உண்மையை உலகறியச் சொல்லும் துணிவு அவருக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. இறைவன் எல்லார்க்கும் எல்லாத் துணிவையும் அளிப்பதில்லை. ஆனால் சிறியதொரு துணிவு அன்று அவருக்கு அருளப்பட்டது. அளவுநிலையத்தின் பெயரை எழுதத் தாளை நெருங்கிய கை, நெருங்கியபடியே சிறிது நேரம் நின்று, பின் மெல்ல விலகியது. தாளை மடித்து உறையிலிட்டார், கையைக் கழுவிக்கொண்டார், அளவுகோலை எடுத்துக்கொண்டு, கரை உடைய இன்னும் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறதென்று பார்க்க ஆற்றை நோக்கி நடந்தார். அவரைப் பார்த்தவர் எவரும் இலர்.