தீயில்லாத அடுப்பு

என் மகள் செய்த இயந்திரத்தை எங்கள் அடுக்ககத்தில் எல்லாரும் ‘அடுப்பு’ என்றே அழைக்கிறார்கள். அதில் தீயே கிடையாது. பகலில், மாடியிலுள்ள சூரியத் தகடுகளில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு நீராவியைப் பிளந்து, ஹைட்ரஜனைத் தொட்டியில் சேர்த்து வைக்கும். இருட்டியபின் அதே ஹைட்ரஜனை எரிக்காமலே மின்சாரமாக்கும். உள்ளே அடுக்கியிருப்பவை மெல்லிய பீங்கான் தகடுகள். பழுக்கக் காய்ந்தால்தான் அவை வேலை செய்யும். சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விட்டுவிடும். இவ்வளவையும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று விளக்கினேன். முடித்ததும் ஒருவர், “சரி சார், அடுப்பு எப்ப வருது?” என்றார்.

வந்தது. கீழ்த்தளத்தில் நிறுவப்பட்டு, சோதனைக் காலம் முழுவதும் நிற்காமல் ஓடியது. கடைசி நாள் மாலை சங்கத் தலைவர் பார்வையிடுவார். ஓடிக்கொண்டிருந்தால் வாங்குவார்கள், நின்றிருந்தால் திருப்பி அனுப்புவார்கள். மகளும் அவள் தோழியும் நடத்தும் நிறுவனத்துக்கு வேறு வாடிக்கையாளர் எவரும் இல்லை. திருப்பி அனுப்பினால் கடையைக் கட்டவேண்டியதுதான்.

அன்று தலைவரை அழைத்துவரப் புறப்பட்ட மகள், என்னையும் என் சம்பந்தியையும் காவலுக்கு வைத்தாள்.

“அப்பா, மாமா, ரெண்டு பேரும் எதையும் தொடாதீங்க. சும்மா உக்காந்திருந்தா போதும்.”

சும்மா உட்காருவது ஒன்றுதான் சம்பந்திக்கு வராத வேலை. வாழ்நாளெல்லாம் சலவைக்கடை நடத்தியவர். இயந்திரத்தின் மேல்வாயிலிருந்து வெளியேறிய சூடான காற்றை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

“சம்பந்தி, இவ்வளவு சூடும் வீணாப் போகுதே! வெளியில ஒரே மழை. வீட்டுக்கு வீடு ஈரத்துணி நாறுது.”

“தொடாதீங்கன்னு சொல்லியிருக்கா.”

“நான் எங்க தொடப்போறேன்? காத்துதான் வந்து துணியைத் தொடப்போகுது.”

நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துவர வீட்டுக்குப் போனேன். அங்கே அதை ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்துத் திரும்புவதற்குள், தூணுக்குத் தூண் கயிறு கட்டி வீடு வீடாக வாங்கிவந்த படுக்கைவிரிப்புகளையெல்லாம் அவர் தொங்கவிட்டிருந்தார். போதாதென்று தண்ணீர் சொட்டும் தடித்த போர்வை ஒன்றையும் வீசினார். கயிறு தொய்ந்தது. போர்வை நழுவியது. கீழே, குளிர்காற்றை உள்ளிழுக்கும் கம்பிவலையில் பச்சென்று ஒட்டிக்கொண்டது. காற்று தடைப்படவே இயந்திரம் அலறத் தொடங்கியது. திரையில் வெப்பநிலை எண் மேலே மேலே ஏறியது.

நான் பாய்ந்து போர்வையைப் பற்றிய அதே கணத்தில் மகள் படிகளில் ஓடிவந்தாள்.

“உருவாதீங்கப்பா! உள்ள கொதிக்குது. குளிர்காத்து ஒரேடியா புகுந்தா தகடு வெடிச்சிடும். ஆளுக்கொரு நுனியைப் பிடிங்க. நான் சொல்லச் சொல்ல மெதுவா விலக்குங்க.”

நாங்கள் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“உங்க பக்கம் வேகமாப் போகுது, சம்பந்தி,” என்றேன்.

“உங்க பக்கம் தூங்குது.”

“கல்யாணத்துலேருந்து ஒரு விஷயத்துலயாவது எனக்கு விட்டுக்குடுத்திருக்கீங்களா?”

“இப்ப விட்டா உங்க மக கம்பெனியே போயிடும். பிடிங்க ஒழுங்கா!”

“ரெண்டு பேரும் வாயை மூடிட்டுக் கையை மட்டும் நகர்த்துங்க!” என்று மகள் சீறினாள்.

பின்னாலேயே இறங்கி வந்த தலைவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

“அது என் போர்வை இல்ல?”

வலை பாதி திறந்தபோது எண் ஏறுவது நின்றது. முழுவதும் திறந்தபோது இறங்கத் தொடங்கியது. அலறலும் அடங்கியது. இயந்திரம் நிற்கவில்லை. மகள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கத்தைத் தொடங்கினாள். தலைவரோ கயிற்றில் கிடந்த விரிப்பொன்றைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“மொறுமொறுன்னு காஞ்சிருக்கே! இந்த மழையிலயா?”

“இன்னும் ரெண்டு கயிறு கட்ட இடமிருக்கு,” என்றார் சம்பந்தி, கூசாமல்.

“சார், மின்சாரமும் வரும்...” என்றாள் மகள்.

“வரட்டும்மா, யாரு வேணாங்கறா? வாங்கிக்கிறோம். கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன்.”

என் இரத்தம் கொதித்தது. இது துணி உலர்த்தும் கருவி அன்று என்று தலைவருக்கு எடுத்துரைக்கத் தொண்டையைச் செருமினேன். மகள் என் காலை ஓங்கி மிதித்தாள். பிறகு சம்பந்தியிடம், “கயிறு கட்டறதுன்னா எதிர்ச் சுவர்ல கட்டுங்க மாமா. வலைப் பக்கம் வரவே கூடாது,” என்றாள், மிகுந்த பணிவோடு.