முப்பத்தாறு கோடுகள்

அடிபட்ட மூளை எதைப் பார்க்காமல் விடும் என்று முன்கூட்டியே சொல்லும் மாதிரி மூளை ஒன்றைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவதுதான் அவள் வேலை. அந்த வேலை வீட்டுக்குள்ளேயே வந்து சட்டமாக உட்காரும் என்று யார் கண்டது? பஸ் கண்டக்டரான அவள் கணவர் படியிலிருந்து விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைகால் சுகம். ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அற்றுப்போயிற்று. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? சரியான கஞ்சம்டி நீ!" என்பார். முதல் நாள் சிரித்துவிட்டாள். அப்புறம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. "பாப்பாவ ஸ்கூல்லேருந்து நானே கூட்டிட்டு வரேன். பஸ் பஸ்ஸா ஆளை இறக்கிவிட்டவன், பெத்த பொண்ணக் கூட்டிட்டு வரமாட்டேனா?"

"முதல்ல பேப்பர் சரியா வரட்டும்," என்பாள்.

பேப்பர் என்றால், தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் கோடுகள். கண்ணில் படுகிற ஒவ்வொன்றையும் பேனாவால் அடிக்க வேண்டும். முதல் வாரம் இடது பக்கத்துப் பதினெட்டையும் விட்டுவிட்டார். அதன்பின் வாராவாரம் அதே தாள்தான். தாளை மாற்றினால் போன வாரத்தோடு ஒப்பிட முடியாதாம். படித்த படிப்பு செய்கிற வேலை! ஐந்தாவது மாதம் முப்பத்தாறும் அடிபட்டன. அதைக் கொடுத்துப் பார்த்ததில், இடது பக்கம் திரும்பி வந்துவிட்டது என்றது கம்ப்யூட்டரில் இருந்த மாதிரி மூளை. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மகள் எப்போதும் அப்பாவின் வலது பக்கம்தான் ஒட்டிக்கொள்வாள். மறுநாள் காலையில் அவளிடம், "சாயங்காலம் அப்பா வருவார். இடது கையப் பிடிச்சுக்கோ," என்று சொல்லி அனுப்பினாள் தாய். எதையும் சோதித்துப் பார்க்கிற புத்தி, சனியன், விடுமா?

பள்ளிக்கூடத்துத் தெருமுனையில், கூட்டத்தில் பின்தங்கிவிட்ட மகளை ஒரு வேன் இடித்துத் தள்ளியது. கை நழுவியதுகூடத் தெரியாமல் கண்டக்டர் வீடுவரை நடந்து வந்து, "வந்துட்டோம்!" என்றார்.

"பாப்பா எங்க?"

"இதோ, கூடத்தானே வரா," என்று அவர் வலது பக்கம் திரும்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "மொத்தம் முப்பத்தாறுன்னு ஒருநாள் நீதான் சொன்ன. பஸ்ல தலை எண்ணுறாப்ல எண்ணினேன். குறைஞ்சா, மிச்சம் சிக்கற வரைக்கும் பேனாவ அந்தப் பக்கமாத் தள்ளிக்கிட்டே போவேன். தெருவுல மொத்தம் எத்தனைன்னு எனக்கு யாரு சொன்னா?"

 அவரைத் திட்டுவதற்கு அவளுக்கு என்ன தகுதி இருக்கிறது?

இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு மகள் கண் விழித்தாள். அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே, "இனிமே அப்பாவோட இடது பக்கம் போகாதடி கண்ணு. அங்க நின்னா அவருக்குத் தெரியாது," என்றாள் தாய்.

"அது எனக்கு அப்பவே தெரியுமே," என்றாள் மகள். "நீதானம்மா அந்தக் கையப் பிடிச்சுக்கச் சொன்ன."