மாநாட்டுக்காக ஒரு நாள் லீவு

1957-இல் ராஜ்ய வைத்திய மாநாட்டைத் திண்டுக்கல்லுக்கு இழுத்து வந்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மதுரை பக்கத்தில் இருக்கும்போது இங்கே எந்த டாக்டர் வருவான் என்று எங்கள் சங்கத்திலேயே சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் உடையப்பன், எல்.எம்.பி. டிப்ளமா டாக்டர். எம்.பி.பி.எஸ்.காரர்கள் நடுவில் எல்.எம்.பி. என்றால் பந்தியில் கடைசி இலைதான். தோல் பதனிடும் ஷாப்புகளில் பச்சைத் தோல் சுமக்கிறவர்களுக்கு வரும் கறுப்புப் புண்ணைப் பற்றி ஆறு வருஷம் குறிப்பெடுத்துக் கட்டுரை எழுதினேன். மாட்டுக்கு வரும் அடைப்பான் நோய்தான் தோல் வழியாக ஆளையும் பிடிக்கிறது. உடனே பென்சிலின் போட்டால் பிழைப்பான், விட்டால் போய்விடுவான். மாநாட்டுக்கு மூன்று தடவை அனுப்பினேன், மூன்று தடவையும் திரும்பி வந்தது. மாநாடு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ச் சங்கச் செயலாளருக்கு மேடையில் பேச இருபது நிமிஷம் உண்டு; இங்கே செயலாளர் நான். அதற்குத்தான் இத்தனை ஆட்டமும்.

ஊரைப் புகழ்ந்து நாலு பக்கத்துக்கு அச்சடித்துச் சென்னைக்கு அனுப்பினேன். ரயில் ஜங்ஷன், நானூறு பேர் உட்காரும் மண்டபம், சிறுமலைப் பழம், கொடைக்கானலுக்கு ஒரு நாள் சுற்றுலா. தோல் வாடையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊரைப் பார்த்துச் சிபாரிசு எழுதச் சென்னையிலிருந்து டாக்டர் சூசைராஜ் வருகிறார் என்று கடிதம் வந்ததும், தோல் ஷாப் முதலாளி கிதர் முகம்மதுவிடம் ஓடினேன்.

"பாய், இந்த வாடைக்கு அந்த மனுஷன் ரயில விட்டே எறங்க மாட்டாரு. ஒரு நாள் எல்லா ஷாப்பையும் மூடச் சொல்லுங்க."

"மூடிட்டாப் போச்சு டாக்டர். என் காரையும் எடுத்துக்கங்க. மாநாடு வந்தா ஊருக்குத்தானே பேரு."

அவர் வருகிற நாளன்று காலையில் டை கட்டிக்கொண்டு என் ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தால், வாசலில் தோல் ஷாப்புக்காரர்கள் நாற்பது பேர். 'ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து காட்டுங்கப்பா' என்று ஆறு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். லீவு கிடைத்ததும் வந்துவிட்டார்கள், வாடையோடு. இன்னும் அரை மணியில் சூசைராஜ் அதே வாசலில் வந்து இறங்குவார்.

"எல்லாரும் நாளைக்கு வாங்க. இன்னைக்கு விருந்தாளி வாராரு."

தோல் சுமக்கும் ஒச்சப்பன் மட்டும் முன்னால் வந்து, கழுத்துத் துண்டை லேசாக விலக்கினான். தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அரைக்கண்ணால் பார்த்தேன்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்கய்யா. சும்மா வீக்கந்தான்."

"வலி இல்லேல்ல? அப்பறம் என்ன? நாளைக்கு வா, போ."

ஒருவர்கூட முணுமுணுக்காமல் போனார்கள்.

சூசைராஜ் நல்ல மனிதர். மண்டபத்தைப் பார்த்தார், தலையாட்டினார். நான்தான் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடந்துகொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டில் அவராகவே கேட்டார்.

"உங்க கட்டுரையப் பத்தி எழுதியிருந்தீங்களே. அந்தப் புண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

"ரொம்ப லேசு சார். நடுவுல கறுப்பாப் பொருக்கு, சுத்தி வீக்கம். சாதாரணக் கட்டின்னா உயிர் போற வலி இருக்கும். இதுல வலியே இருக்காது. நோயாளியே வலி இல்லீங்கம்பான்..."

பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டு எழுந்தேன்.

"ஒரு நோயாளி சார். அவசரம்."

"டாக்டர், எனக்கு மூணரைக்கு ரயில். தண்ணி ஏற்பாட்டைப் பார்க்காம நான் சிபாரிசு எழுத முடியாது. வேற யாரையாவது அனுப்புங்களேன்."

உங்களுக்காகத்தான் காலையில் அவனை விரட்டினேன் என்று சொல்ல எனக்கு மூஞ்சி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பாயின் காரில் ஏறினேன். ஊரில் எனக்காகக் கிடைத்தது அந்த ஒரே கார்தான்; சூசைராஜைக் கூட்டிப்போக வேறு கார் இல்லை.

ஒச்சப்பன் வீட்டில் அவன் மனைவி கருப்பம்மாள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"லீவுதானேன்னு செம்பட்டிக்கு அவுக அக்காளப் பாக்கப் போனாக. ஏங்கய்யா?"

செம்பட்டி ரோட்டில் வரிசையாக மாட்டுவண்டிகள். ஒவ்வொரு வண்டிக்காரனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். உண்மையில் என்னைத்தான் திட்டிக்கொண்டேன். ஆறு வருஷம் எழுதியது ஒரு டைக்கு முன்னால் மறந்துவிட்டதே என்று.

ஆள் பிழைத்துக்கொண்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் அவன் அக்காள் வீடு போய்ச் சேர்ந்தபோது வீக்கம் தாடை வரைக்கும் ஏறி, உடம்பு கொதித்தது. பென்சிலினைப் போட்டு, காரின் பின் சீட்டில் படுக்கவைத்து, பெரியாஸ்பத்திரிக்குக் கிளப்பினேன். மணி மூன்றே முக்கால்.

பாதி வழியில் கேட்டான்.

"பெரிய டாக்டரு போயிட்டாரா? மாநாடு நம்ம ஊருலதானுங்களே?"

"இல்லப்பா. அது போச்சு."

ஒச்சப்பன் என் பக்கம் திரும்பினான்.

"மாநாடு வந்தா நீங்க மேடையேறி எங்க புண்ணப் பத்திப் பேசுவீகன்னு பாய் சொன்னாரு. அதுக்காகத்தாங்கய்யா, கூலி போனாலும் போகுதுன்னு அம்புட்டுப் பேரும் லீவுக்கு ஒத்துக்கிட்டோம்."

லீவு நாளுக்கு அவர்களுக்குக் கூலி கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.