நான் சரி சொன்ன பக்கங்கள்

மருந்து ஏற்றிய பிறகு ஐந்து நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். தொட்டால் ஷாக் அடிக்கும், குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நின்றுவிட்டது போல இருக்கும் என்றார்கள். எல்லாம் அப்படியே நடந்தது. உலகத்தில் பாதிச் சாமான் குளிர்ந்துதான் கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. குழாய், தாழ்ப்பாள், கரண்டி, மாடிப்படிக் கைப்பிடி, பேருந்துக் கம்பி. சாப்பிட்டால் வாயெல்லாம் இரும்புச் சுவை. கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடப்பதே ஒரு முழுநேர வேலை.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. என் கணவருக்கு உண்டு, எலெக்ட்ரீஷியன். எதன்மேலாவது எதையாவது சுற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். தன் பழைய சாக்ஸையெல்லாம் வெட்டி, வீட்டில் இருந்த குழாய்க்கும் தாழ்ப்பாளுக்கும் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கும் மாட்டிவிட்டார். இருபது வருடம் தடுமாறாமல் நடமாடிய வீட்டில், எது எதென்று தெரியாமல் நான் தடவிக்கொண்டு நின்றேன்.

"ஒரு கையுறை போட்டுக்கோயேன். அவ்வளவுதானே" என்றார்.

"நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு வயரிங் வேலை பாருங்க. நான் கையுறை போட்டுக்கிறேன்" என்றேன்.

அவர் பாவம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் யாரைப் பார்த்தும் பாவப்படும் நிலையில் நான் இல்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம் அச்சிடும் பிரெயில் அச்சகத்தில் எனக்கு மெய்ப்புப் பார்க்கும் வேலை. இரண்டு பேராகச் செய்வது. ஒருவர் மூலப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பார். நான் பிரெயில் தாளில் புள்ளிகளைத் தடவிக்கொண்டே போய், வரிக்கு வரி 'சரி' என்பேன், தப்பிருந்தால் நிறுத்துவேன். என்னோடு படிக்கிறவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்தான் அணைவான்.

குடலில் இருந்த புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் மீதி இருந்தால் அழிக்க, பன்னிரண்டு முறை மருந்து. முதல் நான்கு முறை, விரல் மரத்துப்போனதெல்லாம் ஒரு வாரத்தில் விட்டது. ஐந்தாவதுக்குப் பிறகு விடவே இல்லை. ஏழாவது முடிந்தபோது புள்ளிகள் மேல் விரல் ஓடுவது, போர்வைக்கு மேலிருந்து அரிசியைத் தடவுவது மாதிரி இருந்தது. ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியாது.

ஆனாலும் 'சரி' சொன்னேன். பத்தாம் வகுப்பு அறிவியல். பல வருடமாகப் பார்த்த புத்தகம். அவன் குரலோடு விரலை ஓட்டி, மூச்சு விடும் இடத்தில் 'சரி' சொல்லிவிடுவேன்.

ஒருநாள் ரேடியோ நடு வரியில் நின்றான்.

"அக்கா, ஒரு நிமிஷம். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. சேர்த்துப் புரட்டிட்டேன். நான் படிச்சது கண்ணாடி பத்தின பாடம். உங்க கையில இருக்கிறது இன்னும் காந்தம்."

விரலைத் தாளின் முதல் வரிக்குக் கொண்டுபோனேன்.

"ஒரு பக்கம் முழுக்க சரி சரின்னு சொன்னீங்களே அக்கா."

"வாயை மூடு" என்றேன். அவன் செய்த தப்புக்கு அவன்மேல் எரிந்து விழுந்தால் என் தப்பு மறைந்துவிடும் என்று ஓர் அற்ப ஆசை.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சட்டை பட்டன் போட முடியுதான்னு கேட்டாங்க. முடியுதுன்னேன். பொய் இல்லையே. தூக்கத்துலகூட போடுவேன்."

உண்மையில், சொல்ல பயம். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டவள் விரல் மரக்கிறது என்று சொன்னாள். அவளுக்கு மருந்தைக் குறைத்துவிட்டார்கள். பாதி மருந்து என்றால் பாதி ஆயுள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் அந்தப் புத்தகத்தை நம்பி எங்கோ ஒரு பிள்ளை பரீட்சைக்குப் படிக்கும். அன்றைக்கே மேலாளர் அறைக்குப் போய், மூன்றாம் பாடத்திலிருந்து வேறு ஆளை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "உடம்பைப் பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லித் தொலைத்தார்.

எட்டாவது முறைக்குக் கணவரோடு போனபோது டாக்டர் அதே பட்டனைக் கேட்டார். நான் ஒரு பிரெயில் தாளை அவர் மேசையில் வைத்தேன்.

"பட்டன் போடுவேன் டாக்டர். இதைத்தான் படிக்க முடியல. ரெண்டு மாசமா."

"ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க ஏன் டாக்டர் இதைக் கேக்கல?"

அவர் கோபப்படவில்லை. "கேட்டிருக்கணும்" என்றார். கைகளைச் சோதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "விரலை மரக்க வைக்கிற இந்த ஒரு மருந்தை மட்டும் நிறுத்திட்டு மத்ததைத் தொடரலாம். இந்த அளவுக்கு வந்த பிறகு நிறுத்துறது வழக்கம்தான். ஆனா நோய் திரும்பாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. விரலும் உடனே சரியாகாது. கொஞ்ச நாள் இன்னும் மோசமாகலாம். முழுசா திரும்பாமலும் போகலாம்."

இரண்டு பக்கமும் உத்தரவாதம் இல்லை. அப்புறம் என்னை எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்? மேசையைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

"தொடருங்க டாக்டர்" என்றார் என் கணவர். "விரல் போனா போகட்டும். என்ன வேணுமோ நான் படிச்சுக் காட்டுறேன். இவ இருந்தா போதும் எனக்கு."

"உங்களுக்குப் போதும்" என்றேன். "எனக்குப் போதாது."

சொன்ன பிறகுதான் பயந்தேன். செத்துப்போக எனக்கும் ஆசை இல்லை.

"நிறுத்திடுங்க டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதினார். பக்கத்தில் என் கணவர் ஒன்றும் பேசவில்லை. கோபமாக இருக்கிறார், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் விரல்களை அவர் பிடித்துக்கொண்டிருப்பது, அழுகையில் அவர் உடம்பு குலுங்கி அந்த நடுக்கம் என் மணிக்கட்டுக்கு ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.